பிடி மாற்றும்போது நிறுத்தாதீர்கள்

கிதார் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு நல்ல காது வேண்டும் என்பார்கள்; அதைவிட முக்கியம், வேண்டும்போது அந்தக் காதை மூடிக்கொள்ளத் தெரிவது.

உங்களில் யாராவது மச்சானுக்குச் சைக்கிள் விடவோ நாத்தனாருக்குத் தையல் மிஷின் மிதிக்கவோ சொல்லிக்கொடுத்திருந்தால் என் பாடு உடனே புரிந்துவிடும். இங்கே மலாய் நாட்டில், ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு வருஷமாக நான் கிதார் வகுப்பு நடத்துகிறேன். கான்வென்டில் பியானோ படிக்க எங்கள் வீட்டில் வசதியில்லை. சங்கீதச் சிஸ்டர், அலமாரிக்குப் பின்னால் கிடந்த பழைய கிதாரைத் தூசி தட்டி என் மடியில் வைத்தார். அன்றிலிருந்து அது மடியை விட்டு இறங்கவில்லை. இப்போது ஊரெல்லாம் கெரொன்சோங் என்கிற மலாய்ப் பாட்டு. மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணத்தில் கிதார் வாசிப்பதைப் பார்த்துவிட்டு நம் ஆட்களுக்கும் ஆசை வந்துவிட்டது. என்னைத் தேடி வந்தார்கள்.

என் வீட்டுக்காரர் சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. சனிக்கிழமைதான் ஃபெர்ரி ஏறி வருவார். மற்ற நாளெல்லாம் நான், அவருடைய அக்கா ராசம்மா அண்ணி, எங்கள் தாமு. தாமுவுக்கு இப்போதுதான் எட்டு மாதம் முடிந்தது. முன்னறையில்தான் காற்று வரும் என்பதால் அவன் தூளியும் அங்கேயே உத்தரத்தில் தொங்கும். வயிற்றில் அவன் இருந்தபோதும் நான் வகுப்பை நிறுத்தவில்லை. கிதார் அவன் மேலேயே சாய்ந்திருக்கும். "பிள்ளை மேல வெச்சு அந்தப் பெட்டியை அடிக்காதே, அதுக்கு ஆகாது" என்று அண்ணி அப்போதே சொன்னார். நான் கேட்கவில்லை. பிறகு, தாமுவுக்குக் காது கேட்கிறதா என்று எனக்கே ஒரு பயம் வந்தது. இடிக்கும் பல்லிக்கும் பயப்படுகிற எனக்கு இதுவும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? பிள்ளை தூங்கியபின் உட்கார்ந்து எழுதுகிற இந்தத் துணுக்குகளில் அந்தப் பயமும் நடுநடுவே எட்டிப் பார்க்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வார்த்தையை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று நான்கு சுரங்கள் ஒன்றாகக் கேட்க வேண்டுமானால், இடது கை விரல்களைக் கம்பிகள் மேல் ஒரு தினுசாக அழுத்திப் பிடிக்க வேண்டும். அதைத்தான் நான் 'பிடி' என்கிறேன். வெள்ளைக்காரன் ஒவ்வொரு பிடிக்கும் சி, எஃப், ஜி என்று எழுத்துப் பெயர் வைத்திருக்கிறான். என் மாணவர்கள் வைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

சோற்றுக் கை

சின்னையா துறைமுகக் கிடங்கில் வேலை பார்க்கிறவர். விஜயதசமியன்றுதான் ஆரம்பிப்பேன் என்று ஒரு மாதம் காத்திருந்து, வெற்றிலை பாக்கு தேங்காயோடு வந்தார். கிதாருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். கற்பூரமும் காட்டியிருப்பார், மரம் பற்றிக்கொள்ளும் என்று நான் தடுத்துவிட்டேன். எல்லாம் முடிந்து கிதாரை மடியில் வைத்து, "இடது கையை இங்கே வையுங்கள்" என்றேன். சுடுசட்டியைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். "இடது கையிலயா? நல்ல நாளும் அதுவுமா?"

பிடிப்பது இடது கை, மீட்டுவது வலது கை என்று விளக்கினேன். "கஷ்டமான வேலையெல்லாம் அந்தக் கைக்கு, சும்மா தடவிக் கொடுக்கிறது சோத்துக் கைக்கா? நியாயமே இல்லையே டீச்சர்" என்று கிதாரையே திருப்பி வைத்துக்கொண்டார். தடித்த கம்பி கீழே போயிற்று, மெல்லிய கம்பி மேலே வந்தது, நான் படித்ததெல்லாம் தலைகீழாக நின்றது. நல்ல நாளில் சண்டை வேண்டாமென்று விட்டுவிட்டேன். வலது கையால் மூன்று கம்பியை அழுத்திப் பிடித்தார், மனசுக்குள் சாமி கும்பிட்டார், இடது கையால் மீட்டினார். முதல் நாதம் எழும்பியது. அது எந்தக் கையிலிருந்து வந்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கிதாரை மெதுவாகப் பழையபடி திருப்பி வைத்துக்கொண்டு சொன்னார்: "எப்படித் திருப்பினாலும் அந்தக் கை முன்னால வந்து நிக்குது. இதைக் கண்டுபிடிச்சவன் கையால சாப்பிடாதவன் லா, டீச்சர்!"

சுண்டுவிரல் நகம்

தர்மலிங்கம் ஒரு வக்கீல் ஆபீசில் கிராணி. இடது சுண்டுவிரலில் ஓர் அங்குலத்துக்கு நகம் வளர்த்திருந்தார். இந்த ஊரில் அதற்கு அர்த்தம் உண்டு: 'நான் மூட்டை தூக்குகிறவன் இல்லை, பேனா பிடிக்கிறவன்.' ஆனால் கம்பியை விரல்நுனியால் அழுத்த வேண்டும். நகம் இருந்தால் விரலுக்கு முன்னால் நகம்தான் போய்ப் பலகையில் முட்டும். வெட்டிவிட்டு வாருங்கள் என்றேன். மறுவாரம் ஒன்பது விரலையும் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தார். பத்தாவது மட்டும் அப்படியே.

இரண்டு மாதம் மூன்று விரலாலேயே வாசித்தார். ஜி பிடியில் சுண்டுவிரல் இறங்க வேண்டிய இடம் வரும்போதெல்லாம் அது மட்டும் துரை வீட்டு டீ விருந்தில் கோப்பை பிடித்த மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு வியாழக்கிழமை நகமில்லாமல் வந்தார். வெட்டிய நகத்தைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஜி பிடி அன்று மணியாகக் கேட்டது. நான் சபாஷ் போட்டேன். அவர் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. "ஆபீஸ்ல பியூன் இன்னைக்கு என்கிட்டயே ஃபைல் கட்டைத் தூக்கச் சொல்லிட்டான், மிஸ்ஸி."

அசையாமல் இருந்தால் என்ன

எதிர்வீட்டுக் கமலாட்சி கல்யாணமாகி நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தவள். ஆறு வருஷம் வயலின் படித்தவள், பாம்புச் செவி. முதல் நாளே சி பிடியைச் சுத்தமாகப் பிடித்துவிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. அடுத்த நொடி, பிடித்த விரல் மூன்றையும் ஆட்ட ஆரம்பித்தாள். சுரம் மூன்றும் மூன்று பக்கம் வழிந்தன. எதிரே காத்திருந்த சின்னையா பல்லைக் கடித்தார்.

"கமலா, அசைக்காதே."

"அசைக்கலன்னா சுரம் செத்துக் கிடக்கே, அக்கா."

ஒரு சுரம் என்றால் கமகம் கொடுக்கலாம், மூன்று சேர்ந்து வரும்போது கட்டிப்போட்ட மாதிரி நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். மரியாதைக்குத் தலையாட்டினாள், தலையோடு விரலும் ஆடியது. கடைசியில் என்னைப் பரிதாபமாகப் பார்த்துக் கேட்டாள்: "மூணு பேரு ஒண்ணாப் பேசும்போது ஒருத்தராவது அசைஞ்சு கொடுக்க வேணாமா, அக்கா?"

ஒவ்வொன்றும் புதுக் காரியம்

காதர் அண்ணன் சொங்கோக் தொப்பி தைக்கிறவர். நாற்பது வயது. வருகிற மாதம் தம்பியின் கல்யாணத்தில் கெரொன்சோங் பார்ட்டியோடு உட்கார்ந்து ஒரே ஒரு பாட்டாவது வாசித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. புதிதாக வருகிற எல்லாரும் விரல்நுனி கொப்பளித்து, அதை வாயருகில் வைத்து ஊதிக்கொண்டிருப்பார்கள். காதர் அண்ணனுக்கு அந்தத் தொல்லையே இல்லை. இருபது வருஷம் ஊசி குத்திய விரல்கள், கம்பிக்குத்தான் வலித்திருக்கும்.

அவருக்குச் சங்கடம் வேறு இடத்தில். ஒரு பிடியை விட்டு இன்னொரு பிடிக்குப் போக வேண்டுமென்றால் கையை முழுசாக எடுப்பார். கைலியில் துடைப்பார். "பிஸ்மில்லா" என்று மெல்லச் சொல்வார். பிறகு, அச்சுக்கட்டையில் தொப்பியைப் பொருத்துகிற பக்குவத்தோடு ஒவ்வொரு விரலாக இறக்குவார். மீட்டினால் நாதம் அவ்வளவு சுத்தம், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு பிடிக்கும் அடுத்ததற்கும் நடுவே நீங்கள் பாசாருக்குப் போய் மீன் வாங்கி வந்துவிடலாம். "நிறுத்தாதீங்க அண்ணே, தப்பா விழுந்தாலும் பரவாயில்லை, நிறுத்தாதீங்க!" இதை ஒரு வகுப்புக்கு இருபது தரம் சொல்லியிருப்பேன். பாட்டு ஒரே காரியம்தானே, பிஸ்மில்லாவை ஆரம்பத்திலேயே ஒரு முறை சொல்லிவிடலாமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். கோபிக்கவில்லை. "சரி தங்கச்சி, முதல்லயே மொத்தமா சொல்லிடறேன். ஆனா இந்தக் கைக்கு யாரு எடுத்துச் சொல்றது? அது ஒவ்வொண்ணுக்கும் காத்துக்கிட்டு நிக்குதே."

அறுந்த கம்பி

சுருதி சேர்க்கிறேன் என்று தர்மலிங்கம் ஒருநாள் முளையைத் திருகினார், திருகினார், இன்னும் திருகினார். புதியவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது, கம்பிதான் தெரிவிக்கும். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். அறுந்த கம்பி சாட்டையாகச் சுழன்று சுவரில் அடித்தது. தர்மலிங்கம் துள்ளி எழுந்தார். உள்ளே அண்ணி டம்ளரைக் கீழே போட்டார். நான் ஓடித் தூளியை விலக்கிப் பார்த்தேன். தாமு வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். ஓர் இமை அசையவில்லை.

எங்கள் கான்வென்டில் காது கேளாத பெண் ஒருத்தி இருந்தாள். மணி அடித்ததும் நாங்கள் எழுவோம். நாங்கள் எழுந்ததைப் பார்த்துவிட்டு அவள் எழுவாள். எப்போதும் ஒரு நொடி பிந்தி. கெட்டிக்காரி, என்னைவிட அழகாகத் தைப்பாள். ஆனால் அந்த ஒரு நொடி அவள் முகத்தில் வருகிற பதற்றம் எனக்கு நன்றாகத் தெரியும். தூளிக்குப் பக்கத்தில் நின்றபோது அந்த முகம்தான் கண்முன் வந்தது. கூடவே அண்ணி சொன்னதும்: பிள்ளை மேல வெச்சு அடிக்காதே. தர்மலிங்கம் ஒன்றும் அறியாமல் தூளியை எட்டிப் பார்த்து மனதாரப் பாராட்டினார்: "தங்கமான பிள்ளை, மிஸ்ஸி. பக்கத்துல இடி விழுந்தாலும் முழிக்காது போல!"

தாம்பாளம்

அன்று முதல் நான் என் பிள்ளைக்குப் பரீட்சை வைக்க ஆரம்பித்தேன். அவன் பின்னால் பித்தளைத் தாம்பாளத்தைப் போட்டேன், திரும்பினான். சத்தத்துக்கா, பலகைத் தரை அதிர்ந்ததற்கா? பக்கத்தில் கை தட்டினேன், பார்த்தான். காற்று பட்டதோ? "தாமு" என்று கூப்பிட்டேன். சுவரில் ஒரு பல்லி, அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பல்லியைப் பார்த்து அலறினேன். அதற்குத் திரும்பினான், ஆனால் நான் அலறும்போது கையையும் ஆட்டிவிட்டேன். ஒரு பரீட்சையாவது பாஸா ஃபெயிலா என்று சொல்ல வேண்டுமே! தலைப்பிள்ளை பெற்றவர்களுக்கு இந்த மாதிரிக் கணக்கெல்லாம் பழக்கம்தான்.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. வாய்விட்டுச் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். அண்ணியிடம் சொல்லவே முடியாது. அவர் முன்பே எச்சரித்தவர். போதாக்குறைக்கு அந்த வாரமெல்லாம் சமையல்கட்டிலும் ஏதாவது விழுந்துகொண்டே இருந்தது. சட்டி, மூடி, அகப்பை. அண்ணிக்குக் கை நடுக்கம் வந்துவிட்டதோ என்று அதற்கும் ஒரு கவலைப்பட்டுக்கொண்டேன்.

வகுப்பில் என் கண் தூளியிலேயே இருக்கும். கமலாட்சி எதை ஆட்டினாலும் சரி, தர்மலிங்கம் எதைத் திருகினாலும் சரி. ஒருநாள் சின்னையா தாமாகவே வாசிப்பதை நிறுத்திவிட்டு, பயந்த குரலில் கேட்டார்: "பத்து நிமிஷமா தப்புத் தப்பா வாசிக்கிறேன், ஒரு வார்த்தை திட்டலையே டீச்சர். உடம்பு கிடம்பு சரியில்லையா?"

நிறுத்துங்க அண்ணே

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது காதர் அண்ணன் வந்தார். வெளியே தூறல். வழக்கம்போல சி பிடித்தார், மீட்டினார். நான் வழக்கம்போலத் தூளியைப் பார்த்தேன். துணிமடிப்பிலிருந்து ஒரு கால் வெளியே வந்து உதைத்துக்கொண்டிருந்தது.

காதர் அண்ணன் கையை எடுத்தார், கைலியில் துடைத்தார். கால் நின்றது. அந்தரத்தில், ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு, அப்படியே நின்றது. எஃப் பிடித்து மீட்டினார். உதைத்தது. கையை எடுத்தார். நின்றது.

தூளி என் அம்மாவின் பழைய கெட்டிச் சேலை, உள்ளேயிருந்து ஒன்றும் தெரியாது. உத்தரத்தில் தொங்குவதால் தரை அதிர்வும் போய்ச் சேராது. இன்னும் ஒரு தரம், இன்னும் ஒரே ஒரு தரம் நிறுத்தினால் போதும், நிச்சயமாகத் தெரிந்துவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு அடுத்த பிடி மாறுகிற இடத்துக்காகக் காத்திருந்தேன்.

"இப்பப் பாருங்க, தங்கச்சி" என்றார் காதர் அண்ணன். ஆறு மாதத்தில் முதல் முறையாக, கையைத் துடைக்காமல், விரல் விரலாக இறக்காமல், சி-யிலிருந்து எஃப், எஃப்-இலிருந்து ஜி, திரும்பவும் சி என்று ஆற்றில் தண்ணீர் போகிற மாதிரிப் போய்க்கொண்டே இருந்தார். வீட்டில் ஒளிந்து ஒளிந்து பழகியிருக்கிறார், பாவம். முகமெல்லாம் வெளிச்சம். கால் விடாமல் உதைத்துக்கொண்டே இருந்தது.

"நிறுத்துங்க அண்ணே!" என்று கத்தினேன்.

பதறி நிறுத்தினார். கால் நின்றது.

"வாசிங்க!"

வாசித்தார். உதைத்தது.

"நிறுத்துங்க! இல்லை, வாசிங்க! அண்ணே, கோவிச்சுக்காதீங்க, வெளியே படியில போய் நின்னு வாசிங்க!"

தூறலில் தொப்பி நனைய அந்த நல்ல மனுஷர் படியில் நின்று, நான் கையைக் காட்டும்போதெல்லாம் வாசித்து, கையைக் காட்டும்போதெல்லாம் நிறுத்தினார். கால் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. என் மாணவர்களில் தாளம் பிசகாத முதல் ஆள் அவன்தான். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். காதர் அண்ணன் கிதாரை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் நின்று, ரொம்ப வருத்தத்தோடு சொன்னார்: "ஆறு மாசமா நிறுத்தாதீங்க நிறுத்தாதீங்கன்னு உயிரை எடுத்தீங்க. இன்னைக்கு ஒரு நாள் நிறுத்தாம வாசிச்சேன், அதுக்கு உக்காந்து அழுறீங்க. நான் எப்படித்தான் வாசிக்கணும், தங்கச்சி?"

அண்ணியின் சட்டி

காதர் அண்ணனுக்கு விஷயத்தைச் சொல்லி, சூடாகக் காப்பியும் கொடுத்து அனுப்பினேன். அப்போது அண்ணியும் முன்னறையில்தான் நின்றிருந்தார். இனி மறைத்து என்ன பயன்? அறுந்த கம்பி, தாம்பாளம், வயிற்றின் மேல் வைத்த கிதார், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்து பார்த்தால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். "கம்பி அறுந்த அன்னைக்கு எனக்கும் திக்குன்னு ஆயிடுச்சு. சொன்னா நீ பயந்துடுவேன்னு சொல்லல. நீ முன்னால தாம்பாளத்தைப் போட்டே, நான் பின்னால சட்டியைப் போட்டேன். ரெண்டு சட்டி உடைஞ்சு போச்சு" என்றார். "அப்புறம் ஏன் அண்ணி அன்னைக்கு அவன் முழிக்கல?" என்று கேட்டேன். தாமுவைத் தூளியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். "வயித்துல இருக்கிறப்பவே இத்தனை பேரு தப்பையும் கேட்டு வளர்ந்தவன். ஒரு கம்பி அறுந்ததுக்கா முழிப்பான்?"

பிடி மாற்றும்போது நிறுத்தக் கூடாது என்றுதான் இப்போதும் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன்; ஆனால் யாராவது நிறுத்திவிட்டால், திட்டுவதற்கு முன் ஒரு தடவை தூளியைப் பார்த்துக்கொள்கிறேன்.